எழுபது நாள் அழுக்கு

இந்த வாரம் என் மேசையில் ஒரு டாங்கி நிற்கிறது, வாசகர்களே. வானொலி வேலை முடிந்த இரவுகளில் ஒட்டியது. ஜப்பானியரின் ‘ஹா-கோ’ எனும் 95ஆம் வகை இலகு டாங்கி. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் உருண்டு வந்த அதே வகை.

நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர். நிஜ வண்டியின் இரும்புக் கவசமே அதிகபட்சம் 12 மில்லிமீட்டர்தான். என் மாதிரியின் அளவுக்குக் கணக்குப் போட்டால், நம் மைகாட் அட்டையின் தடிமன்! உள்ளே மூவர். தளபதியே குண்டு போட்டு, குறி பார்த்து, 37 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுடவும் வேண்டும்.

ஒட்டுவது பாதி வேலை, அழுக்காக்குவது மீதி. நீர்க்கக் கரைத்த பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை ஆணித் தலைகளைச் சுற்றி ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். பூட்ஸ் உரசும் விளிம்புகளில் பஞ்சுத் துண்டால் ஒற்றினால், சாயம் பெயர்ந்ததுபோல் இருக்கும். பிறகு, துணியில் சலித்த நம் தோட்டத்துச் செம்மண்.

துருவில்தான் பலரும் தாராளம் காட்டுகிறார்கள். பசிபிக் தீவுகளில் கிடக்கும் சிதைந்த டாங்கிகளின் படங்களைப் பார்த்துப் பூசுவது அது. அவை பல பத்தாண்டுத் துரு. மலாயாப் போரோ 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை, 70 நாள். ஆகவே என் டாங்கியில் துரு இல்லை. மழைக்கால வண்டி என்பதால் கீழே சேறு, மேலே புழுதி. தார்ச்சாலையில் தேய்ந்த சங்கிலிப் பட்டைகளில் மட்டும் இரும்பின் பளபளப்பு.

இது வெறும் சாயப் பிரச்சினை அல்ல. துருவேறிய டாங்கி பழைய கதையாகத் தெரியும். அன்று வந்தது நன்றாக ஓடிய இயந்திரம். எதிரே பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்கிகூடக் கிடையாது. டிசம்பர் நடுவில் இந்தியப் படை நம் நிபோங் திபாலை ஒட்டிய கிரியான் ஆற்றுக்கு அப்பால் பின்வாங்கியது. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில், நடுத்தர டாங்கிகளும் இலகு டாங்கிகளும் சில மணி நேரத்தில் இந்தியப் படையணிகளை ஊடுருவின. டாங்கியையே அதற்குமுன் கண்டிராத சிப்பாய்கள் அதில் பலர். ஆனால் ஜனவரி 18 அன்று மூவாருக்கு அருகே பக்ரியில், ஆஸ்திரேலியப் பீரங்கிகள் இந்த ஹா-கோக்களை வரிசையாகச் சிதைத்தன. தடுக்கக் கருவி இருந்தால் தடுக்க முடிந்தது.

இல்லாமல் போனதன் விலையை நம்மவரும் கொடுத்தார்கள். மூன்றரை ஆண்டு ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தமிழர்கள் எத்தனை ஆயிரம்!

அந்த வண்டிகளைக் கண்டவர்களுக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் அருகில் உட்காருங்கள். என்ன சத்தம், என்ன நிறம் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே.