இடிக்கும் முன் பக்கத்து வீட்டையும் கேளுங்கள்

செகந்திராபாத், பொலாரம் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு, குஷாய்குடாவில் குடியிருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து எழுதுவது.

எங்கள் வட்டாரம் 1967-ல் இ.சி.ஐ.எல். நிறுவனம் வந்த பிறகு பெருத்தது. நூறு வருட வீட்டைப் பற்றிப் பேச அடுக்குமாடிக்காரர்களுக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். அத்தை வீடும் பெரியப்பா வீடும் ரெஜிமெண்டல் பஜாரிலும் பத்மாராவ் நகரிலும் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்ற உரிமைதான்.

மெட்ராஸ் படையோடு வந்தவர்கள், பின்னால் வியாபாரத்துக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தவர்கள் என்று நம்மவர்கள் வேர்விட்ட இடம் செகந்திராபாத். மஹபூப் கல்லூரியை 1862-ல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசியது அங்கேதான். பத்மாராவ் நகர் என்ற பெயரும் ஒரு முதலியாருடையது. கல்லூரியும் பெயரும் நிற்கின்றன. வீடுகள்தாம் ஒவ்வொன்றாகப் போகின்றன.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. நகர மண்டல ஒழுங்குமுறைகளில் பழைய கட்டடங்களைக் காத்துவந்த 13-ஆம் விதியை அரசு 2015 டிசம்பரில் நீக்கியது. 2017-ல் தெலங்கானா பாரம்பரியச் சட்டம் வந்தது. இர்ரம் மன்ஸிலை இடித்துவிட்டு அங்கே சட்டமன்றம் கட்டும் முடிவை 2019-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சந்தோஷம். ஆனால் அது நவாப் கட்டிய அரண்மனை. பொதுச் சுவரோடு வரிசையாக நிற்கும் சாதாரண வீடுகளுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளை மொத்த வரிசையாகவே பட்டியலில் சேர்த்துக் காப்பதுண்டு. அழகுக்காக மட்டுமல்ல. இரண்டு வீட்டு உத்திரங்களும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் இரு பக்கமும் விரிசல் விடும். புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று நாம் சொல்லும் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதியில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று, தாழ்வாரமும் திண்ணையும் தெரு நெடுகத் தொடரும்படி முகப்புகளைச் சீராக்கியது. 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. வீட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் அது நடந்திருக்காது.

முதலில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொடிந்துபோகும். பிறகு "பழசாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான்" என்ற பேச்சு வரும். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால், முதலில் மேலே பதித்த தட்டோடுகளின் இடைச்சந்துகளைப் பாருங்கள். கூரை முழுவதையும் பெயர்த்து கான்கிரீட் போடச் சொல்லும் இன்ஜினியர் சொன்னதோடு நிறுத்தாமல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கேளுங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றை விரல் கனத்தைத் தாண்ட விடாதீர்கள்.

பங்காளிகள் பலர், வாடகை சொற்பம், பில்டர் காட்டும் ஃபிளாட் கணக்கு பெரியது. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறோம். விற்காதே என்று யாரிடமும் சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சுவரைப் பகிரும் வீட்டுக்காரரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இடிப்பதுதான் முடிவென்றால் ஒரு வாரம் முன்னால் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். அறை அறையாக அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்துக்கொள்கிறோம். காசு வேண்டாம், ஏணி மட்டும் இருந்தால் போதும்.