பலகைக்கு மட்டும் காசு சேர்த்தால் போதுமா?



சென்ற மாதம் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வீட்டுக் கணக்குப் பற்றிய கூட்டம் நடத்தினேன். "பெரிய செலவு எது?" என்று கேட்டதற்குப் பிள்ளைகளின் படிப்பு, சடங்கு, வைத்தியம் என்று பல பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் இருந்த ஓர் அக்கா மட்டும், "கதவுதாங்க மிஸ்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தன் லயத்துக்கு என்னை அழைத்துப் போனார்.

இஸ்தோப்புச் சுவரில் ஒரு கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. 2025 தீபாவளி முற்பணத்தில் 18,000 ரூபா கொடுத்து வாங்கிய புதுக்கதவு. கடையில் பலகையின் விலையை மட்டும்தான் கேட்டிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பழைய நிலையின் அடிப்பகுதி உக்கிப்போயிருந்தது தெரிந்தது. நிலைக்குக் காசில்லை, தச்சு பாஸுக்கும் காசில்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று பெயின்ட் கூடப் பூசாமல் கதவைச் சாய்த்து வைத்தார்கள்.

அடுத்த மாதம் டித்வா புயல் வந்தது. நவம்பர் 27, 28ஆம் திகதிகளில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நாம் மறக்க முடியாது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இரவு இந்த லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதாகச் சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்பியிருக்கிறார்கள். அக்கா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பழைய கதவு மழையில் ஊதி, நிலையோடு இறுகிப்போயிருந்தது. அடுத்த காம்பராக்காரர் கவ்வாத்துக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பித்தான் திறந்தார். எல்லோரும் பாடசாலைக்குப் போய்த் தப்பிவிட்டார்கள்.

"புதுக்கதவு வெளிய நின்னுச்சு, நாங்க உள்ள நின்னோம் மிஸ்" என்றார் அக்கா.

கதவு என்றால் பூட்டுவதற்கு என்றே நினைக்கிறோம். கணவர் இரவு வேலைக்குப் போன வீட்டில், வயது வந்த மகள் இருக்கும் வீட்டில், நல்ல தாழ்ப்பாள் இருந்தால்தான் தாய்க்குத் தூக்கம் வரும். அது உண்மைதான். ஆனால் மண் சரியும்போதும் லயம் தீப்பிடிக்கும்போதும் அதே கதவு உடனே திறக்கவும் வேண்டும். பெரும்பாலான லயக் காம்பராக்களில் வெளியேற வேறு நல்ல வழி இல்லை. அதனால் கதவுச் செலவை அழகுச் செலவாக எண்ணிக் கடைசிக்குத் தள்ளக்கூடாது.

அன்று அக்காவும் நானும் அவருடைய மகளின் கொப்பியில் முழுக் கணக்கையும் எழுதினோம்:

கதவுப் பலகை 18,000 ரூபா. ஏற்றிவந்த கூலி 2,500. புது நிலை 9,500. மூன்று பிணைச்சலும் ஆணியும் 1,800. தாழ்ப்பாளும் பூட்டும் 3,200. நிலையைச் சுவரோடு இறுக்கச் சீமெந்தும் மணலும் 2,000. தச்சு பாஸின் ஒரு நாள் கூலி 4,500. பெயின்ட் 3,500. மொத்தம் 45,000 ரூபா.

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். நீங்கள் கவனிக்க வேண்டியது, பலகையின் விலை மொத்தச் செலவில் பாதியைக் கூட எட்டவில்லை என்பதை.

இதையே நம்முடைய 'பேர்' கணக்கில் பார்ப்போம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அக்கா கதவு வாங்கியபோது அதுதான் அவருடைய சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் 1,242 ரூபா. பலகைக்கு மட்டும் என்றால் பதினைந்து பேர் போதும். கதவை மாட்டி முடிக்க முப்பத்தேழு பேர் வேண்டும். பாஸ் வரும் நாளில் வீட்டில் நிற்பதால் போகும் பேர் இதில் சேரவில்லை. உங்கள் இன்றைய சம்பளத்தை வைத்து நீங்களும் இப்படிப் போட்டுப் பாருங்கள். எதையும் வாங்குமுன் "இது எத்தனை பேர்?" என்று கேட்கும் பழக்கம் நல்லது.

இனி, காசை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலில் நிலையைப் பாருங்கள். அதன் அடிப்பகுதியை ஒரு கத்தி முனையால் குத்தினால் உக்கியிருப்பது தெரிந்துவிடும். உக்கிய நிலையில் எவ்வளவு விலையான கதவை மாட்டினாலும் காற்று அதைப் பிடுங்கிவிடும். இரண்டு பிணைச்சலுக்குப் பதில் மூன்று போடுங்கள். தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் எட்டும் உயரத்தில், ஒரே இழுப்பில் திறப்பதாக இருக்கட்டும்.

பச்சை மரத்தில் கதவு செய்யாதீர்கள். பெப்ரவரி, மார்ச் வெயிலில் சுருங்கி, மே மாத மழையில் ஊதி, அது கோணிப்போகும். காய்ந்த மரமும் ஈரத்தில் கொஞ்சம் ஊதும். ஆகவே நிலைக்கும் கதவுக்கும் இடையே சுற்றிலும் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பெயின்ட் பூசும்போது நாம் செய்யும் பெரிய தவறு, முன்னும் பின்னும் பூசிவிட்டு விளிம்புகளை விட்டுவிடுவது. மரம் தண்ணீர் குடிப்பது கூடுதலாக மேல், கீழ் விளிம்புகளில்தான். கதவை மாட்டுமுன் படுக்க வைத்து எல்லாப் பக்கமும் பூசுங்கள். அக்காவின் புதுக்கதவு பூசாமல் ஈரத்தில் நின்றதால் இப்போது கோணிவிட்டது. அதைச் சீவி நேராக்க இன்னுமொரு கூலி.

கையில் ஐயாயிரம்தான் இருக்கிறதா? அப்படியானால் புதுக்கதவை நினைக்காதீர்கள். பழைய கதவின் இறுகும் பக்கத்தைச் சீவி, பிணைச்சலை மாற்றி, அடியில் ஒரு தகரக் கீற்று அடித்து, சீவிய விளிம்பில் பெயின்ட் பூசுங்கள். அடுத்த மழையைச் சமாளிக்கலாம்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால், நிலையை மாற்றுமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அறிவியுங்கள். மரமோ தச்சு வேலையோ தர முடியுமா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும். கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கூட்டத்தில் சிரித்த பெண்கள் இரண்டு நாள் கழித்து அக்காவின் வீட்டில் கூடினார்கள். பத்துப் பேர், மாதம் 4,500 ரூபா, பத்து மாதச் சீட்டு. மாதம் ஒரு வீட்டுக்கு 45,000 ரூபா கிடைக்கும். அதற்குக் 'கதவுச் சீட்டு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கிழமைக் கடன்காரரிடம் போக வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. முடிந்தபோது இரண்டு வீட்டுச் சாமானை ஒரே வண்டியில் ஏற்றினால் கூலியும் மிச்சம்.

யாருக்கு முதலில் என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. குலுக்கிப் போடலாம் என்றார்கள். அக்கா மறுத்தார். "காத்து யாரு வீட்டுல மொதல்ல அடிக்குதோ, அவங்களுக்கு மொதல்ல" என்றார். நம் மேற்குப் பக்கத் தோட்டங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று நேராக வாசலில்தான் அறையும். அந்தப் பக்கம் பார்த்த வீடுகள் முதலில் என்று முடிவானது. அக்காவின் வீடு வரிசையில் ஆறாவது. அதுவரைக்கும் பழைய கதவைச் சீவிவிட்டிருக்கிறார்.

இன்று வேலை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கதவை உள்ளே இருந்து பூட்டிவிட்டு, வீட்டிலுள்ள சிறிய பிள்ளையைத் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளையால் முடியவில்லை என்றால், உங்கள் கணக்குக் கொப்பியின் முதல் வரியில் எழுத வேண்டியது என்ன என்பது தெரிந்துவிடும். மழை கூடும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.