எல்லை தாண்டினாலும் குற்றம் குற்றமே!

கொலை செய்தவன் அடுத்த ஊருக்கு ஓடினால் போலீசார் விடமாட்டார்கள். அடுத்த நாட்டுக்கு ஓடிவிட்டால்?

சிரியா நாட்டின் தலைநகரம் டமாஸ்கஸ். அங்கே உளவுத்துறையின் சிறை ஒன்றில், விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அன்வர் ரஸ்லான். 2011, 2012-ம் ஆண்டுகளில், ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பிடித்து அங்கே அடைத்தார்கள். அடித்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். குறைந்தது 4 ஆயிரம் பேர் சித்ரவதைக்கு ஆளானார்கள்.

பிறகு ரஸ்லான் அரசை விட்டு விலகினார். 2014-ல் ஜெர்மனிக்குப் போனார். அடைக்கலம் கிடைத்தது. இனி பழைய கதையை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள்! அந்தச் சிறையில் அடிபட்டவர்களும் அகதிகளாக ஜெர்மனிக்கு வந்திருந்தார்கள். 2019-ல் ரஸ்லான் கைது செய்யப்பட்டார். கோப்லென்ஸ் நகரக் கோர்ட்டில், தாங்கள் பட்ட பாட்டை அவர் முன்னிலையிலேயே சொன்னார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி தீர்ப்பு வந்தது. 27 கொலைகளுக்கும், சித்ரவதைகளுக்கும் சேர்த்து ஆயுள் தண்டனை!

குற்றவாளி ஜெர்மனிக்காரர் அல்ல. செத்தவர்களும் ஜெர்மனிக்காரர்கள் அல்ல. பிறகு அந்தக் கோர்ட்டுக்கு என்ன அதிகாரம்?

சட்டம் கொடுத்த அதிகாரம். இனப்படுகொலை, போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் ஆகியவை எங்கே நடந்தாலும், யார் செய்தாலும் விசாரிக்கலாம் என்று 2002-ல் ஜெர்மனி சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 1960-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. கொடிய போர்க்குற்றத்தை வெளிநாட்டில் செய்தவரையும், மத்திய அரசு புகார் செய்தால், இங்கே விசாரிக்க முடியும்.

"அடுத்த நாட்டு விவகாரம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கொடுமை செய்தவர்களே நாட்டை ஆளும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? அவளுக்கு எங்காவது ஒரு கதவு திறந்திருக்க வேண்டாமா?

இதில் ஒரு குறையும் உண்டு. அதிகாரிகள் அகப்படுகிறார்கள், ஆட்டிவைத்தவர்கள் தப்புகிறார்கள். பதவியில் இருக்கும் வெளிநாட்டு மந்திரியைப் பிற நாட்டுக் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று சர்வதேச கோர்ட்டு 2002-ல் தீர்ப்பு கூறியது. பகை நாட்டுக்காரர் என்றால் வழக்கு, நட்பு நாட்டுக்காரர் என்றால் மவுனம் என்ற ஆபத்தும் இருக்கிறது.

அதற்காகக் கதவையே மூடிவிடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவாகத் திறக்க வேண்டும். கொடுமைக்காரன் ஒளிய உலகில் இடமே இல்லை என்ற நிலை வரவேண்டும். அந்தப் பயம் ஒன்றுதான், நாளை ஓங்கும் கையைத் தடுக்கும்.