அறுபது ரூபாய் மல்லிகை

எங்கள் விடுதியில் என் மேசைமீது இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று சில திங்களாக நண்பர்களின் நகைப்புக்கு இலக்காகி வருகின்றது. அதில் இருப்பது மல்லிகை அத்தர். மூன்று மில்லி அளவினது. பழைய கணக்கிற் கூறின் கால் தோலா. விலை அறுபது ரூபாய். "அறுபது ரூபாய்க்கு மல்லிகையா!" என்பது அவர்தம் எள்ளல். அதற்கு விடை கூறுதல் என் கடமையெனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

நண்பர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வடநாட்டுக் கன்னோஜ் நகரத்து அத்தர்த் தொழிலாளர், செப்புக் கொப்பரையில் ரோஜா மலரை நீருடன் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயிற் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழாய் வழியே சந்தன எண்ணெய் உள்ள செப்புக் குடத்தில் இறக்குவர். மீண்டும் மீண்டும் புதுமலர் இட்டுக் காய்ச்சிய பின்னரே அவ்வெண்ணெய் மணத்தால் நிறையும். மல்லிகை இனத்து மணமோ கொதிநீரிற் பெரிதும் திரிந்துவிடும். ஆதலின் இக்காலத்துத் தொழிற்சாலைகளில் அதனைக் கரைப்பான்கொண்டு பிரிக்கின்றனர். பிச்சிப்பூ ஆயிரம் கிலோவிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ மூன்று கிலோ மெழுகு. அதனைச் சாராயத்தாற் தூய்மை செய்தால் பாதியளவே எஞ்சும். தை மாதத்தில் மதுரைச் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுவதை அறிந்தவர், என் குப்பிக்குள் எத்துணை மலர் இருத்தல் கூடும் என்பதை விரல் மடக்கி எண்ணாமலே உணர்வர்.

பின் அதனுள் இருப்பது யாது? பெரும்பாலும் மணமற்ற கனிம எண்ணெயும், இரசாயன முறையில் ஆக்கிய மணப்பொருள்களுமே. பென்சைல் அசிடேட் என்பது அவற்றுள் ஒன்று. மல்லிகை இனத்து மலர்களின் மணத்திலும் அது முதன்மையாக உள்ளது. மலரிற் பிறந்ததற்கும் குடுவையிற் பிறந்ததற்கும் வேற்றுமை சிறிதும் இல்லை. ஆனால் மலரின் மணம் ஒரு பொருளால் ஆயதன்று. இந்தோல் என்று ஒன்று உண்டு. மிகுந்தால் மல நாற்றம் வீசும் அப்பொருளே, மிகச் சிறிதளவாய் நின்று மல்லிகைக்கு இராப்பொழுதின் அடர்த்தியைத் தருகின்றது! என் குப்பியில் அவ்வடர்த்தி இல்லை. சற்றுக் கழுவித் துடைத்த மல்லிகை போலவே அது மணக்கும் என்பதை ஒப்புகின்றேன்.

நிற்க. விலை மலிதல் குற்றமாகுமா? தூய மல்லிகை என்று பொய்யெழுதி விற்பின் குற்றமே. யான் முதன்முதலாக அத்தர் வாங்கியது பள்ளிவாசலின் வெளியே சிறு பெட்டியுடன் அமர்ந்திருக்கும் முதியவரிடத்தில். "இது அசல் பூவா?" என்று வினவினேன். "பூ இல்லை தம்பி, பூ வாசனை" என்றார் அவர். இதனினும் நேர்மையான விளம்பரத்தை யான் எந்தப் பெருங்கடையிலும் கண்டதில்லை.

ஏழைக்கு மணம் எதற்கு, அறுபது ரூபாய்க்கு ஒருவேளை வயிறார உண்ணலாமே என்பாரும் உளர். புகார் நகரத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், மணப்பொருள் விற்றுத் திரிவோரின் வீதியையும் அங்கே காட்டுகின்றார். மாளிகைக்குள் மட்டுமே மணம் வழங்கியிருப்பின் தெருவில் திரிவோர்க்கு வாணிகம் ஏது? முந்நூறு நாட் கூலி பெறும் நளதத் தைலத்தை ஊற்றிய பெண்ணையும் அன்று வீண் செலவென்று கடிந்தனர். கண்டிக்கப்பட்டவர் அவள் அல்லர் என்பது நாம் அறிந்ததே. என் கணக்கோ மிகச் சிறியது. நாளொன்றுக்கு ஒரு துளியாக இக்குப்பி இரண்டு திங்களுக்கு வரும். துளி ஒன்று ஒரு ரூபாய். சந்தையில் வாங்கும் ஒரு முழப் பூவோ மறுநாள் விடியுமுன் வாடிவிடும்.

இவை யாவும் கணக்கு. உண்மைக் காரணத்தை இனியேனும் கூறவேண்டும். என் தாயார் கைம்பெண். எங்கள் சிற்றூரில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கைம்பெண்கள் பூச்சூடுவதில்லை. அங்ஙனம் விதித்த வேதவாக்கியம் யாதும் இல்லை, ஊர்வாயே விதித்தது. தந்தையார் மறைந்த ஆறு ஆண்டுகளாக என் தாயார் கூந்தலிற் பூ இல்லை. அவர் பூவையே சூடுதல் வேண்டும் என்பது என் கருத்து. அதனை இருமுறை கூறியும் பார்த்தேன். பயனில்லை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்முதியவரிடம் வாங்கிய குப்பியை அவரிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்குப்பா இதெல்லாம்?" என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

மறுநாட் காலை ஆலயத்துக்குப் புறப்படுகையில் அவர் முந்தானையில் மல்லிகை மணத்தது. வழியில் எதிர்ப்பட்டோர் அவர் தலையை நோக்கினர். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத பூவை ஊர் எங்ஙனம் கடியும்? ஆராதனை முடியும்வரை அவர் இருமுறை முந்தானை நுனியை முகத்தருகே கொண்டுபோனதை யான் ஆண்கள் பக்கத்திலிருந்து கண்டேன்.

விடுமுறை முடிந்து யான் புறப்பட்ட அன்று, அக்குப்பியை அவர் திருப்பித் தரவில்லை. "நீயும் ஒண்ணு வாங்கிக்கோ" என்று அறுபது ரூபாயை என் சட்டைப்பையில் வைத்தார். நண்பர்கள் நகைப்பது அந்த இரண்டாவது குப்பியைப் பார்த்துத்தான்.