41 மில்லியன் இலக்கத்திற்கு எதற்குச் சாக்கு?

2024 அக்டோபர் 21ஆம் நாள் ஒரு பகா எண் அறிவிக்கப்பட்டது. 2ஐ 136,279,841 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. அன்றுவரை அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. 41,024,320 இலக்கங்கள் கொண்டது. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் பாராமல் வாசித்தாலும் முடிக்க 474 நாள்களுக்கு மேலாகும். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர்.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்டால், கணிதம் படிக்கும் நம்மவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. வங்கிக் கணக்குகளைக் காப்பவை பெரிய பகா எண்கள்தாமே என்பார்கள். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறைக்குப் பகா எண்கள் தேவைதான். ஆனால், 2048 பிட் சாவிக்கு ஏறத்தாழ 300 இலக்கமுள்ள இரண்டு பகா எண்களே போதும். அவையும் பிறர் அறியாதவையாக இருக்க வேண்டும். ஊரறிந்த எண்ணை எவராவது பூட்டுக்குச் சாவியாக வைப்பாரா?

பிறகு எதற்காகத் தேடுகிறார்கள்? இவ்வகை எண்களுக்கு மெர்சென் என்ற 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயர் நிலைத்திருக்கிறது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாக முடியும். அதுவும் உறுதியில்லை; அடுக்கு 11 என்றால் கிடைப்பது 2047, அதாவது 23 × 89. உறுதி செய்ய லூக்காஸ், லேமர் இருவர் பெயரில் ஓர் அழகான சோதனை உண்டு. 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் முடிந்ததும் மீதி சுழியமானால் அது பகா எண். 31ஐ எடுத்துக்கொண்டால் (அடுக்கு 5) 4, 14, 8, 0. மூன்றே படிகள்! டுரான்டின் எண்ணுக்கும் இதே கணக்குதான். படிகள் மட்டும் 136,279,839.

ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் 6, 28 போன்ற ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். ஆனால் மெர்சென் பகா எண்களுக்கு முடிவுண்டா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. தேடுவதற்கு இந்த ஒரு காரணம் போதாதா? இத்தேடலுக்கான மென்பொருள் 2016இல் இன்டெல் சில்லு ஒன்றின் பிழையையும் காட்டிக்கொடுத்தது. நல்லதுதான், ஆனால் அது வழியில் கிடைத்த காசு.

மொழிக் கழகத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன? தமிழ் படித்து என்ன செய்வாய் என்பவர்களிடம் வேலைகளைப் பட்டியலிடுகிறோம். பட்டியல் பொய்யல்ல. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்துக் கழகத்தில் சேர்ந்தோம்?

இனி இளைய மாணவர் எவரேனும் பயன் கேட்டால், வங்கிக் கதை சொல்லாமல் 127ஐக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லப்போகிறேன். அடுக்கு 7, படிகள் ஐந்து. நான்காம் படியில் 111 வரும். அங்கே நிறுத்திவிடக் கூடாது.