பூங்கா நகரமும் பின்புறத்து மண்ணும்

வீட்டுத் தோட்டம் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். டெங்கில் வட்டாரத்தில் வாழ்வோர் அவ்வாறு கருதுவது எனக்கு வியப்பளிக்கின்றது.

1995-இல் புத்ராஜெயா உருவாகத் தொடங்கியபோது பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய தோட்டங்கள் மறைந்தன. (பி.பி. என்னும் எழுத்துகளோடு உலகெங்கும் நடப்பட்ட ரப்பர் ஒட்டுரகங்கள் பிராங் பெசாரில் பிறந்தவையே.) அங்கிருந்து ஏறக்குறைய 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. வாக்களிக்கப்பட்ட தரைவீடுகள் பற்றியும் சுவர் விரிசல்கள் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். நான் எழுத விரும்புவது, லயத்து வீட்டின் பின்புறம் இருந்த மண்ணைப் பற்றி.

அம்மண் நிர்வாகத்தினுடையது, விளைந்தது தொழிலாளியினுடையது. முருங்கை, மரவள்ளி, வாழை, கறிவேப்பிலை, நான்கு கோழிகள். சம்பளம் போதாத மாதங்களில் அடுப்பை எரியவைத்தவை இவையே. மூன்றாம் மாடியில் முருங்கை வளராது. அவர்கள் நீங்கிய நிலத்தில் எழுந்ததோ 'பூங்கா நகரம்'. அதன் ஏரியும் ஈரநிலமும் தாவரவியல் பூங்காவும் அழகானவைதாம். எனினும் அங்கே ஒரு பிடி கீரை பறிக்க இயலுமா?

மண் கிடைத்தவர்களோ அதன்மீது சிமெண்டு பூசுகின்றனர்! இரண்டாவது கார் நிறுத்த வேண்டும், சேறு கூடாது, பாம்பு வரும் எனக் காரணங்கள் பல. பூசிய முற்றத்தில் மழைநீர் இறங்க வழியில்லை. நேரே கால்வாய்க்கும் பின்னர் லங்காட் ஆற்றுக்கும் ஓடுகின்றது. 2021 டிசம்பர் வெள்ளத்தை முற்றங்கள் தடுத்திருக்கும் எனச் சொல்ல மாட்டேன்; அது அத்துணைப் பெருமழை. அன்றாட மாலை மழைக்கே கால்வாய் பொங்குவதற்கு நமக்கும் பங்குண்டு.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்னும் ஆய்வாளர், தம் சாதாரண வீட்டுத் தோட்டத்தில் 30 ஆண்டுகளில் 2,600-க்கும் மேற்பட்ட உயிரின வகைகளைப் பதிவு செய்தார். நம் மாணவரோ 'நீடுநிலவல்' என்னும் சொல்லை மனனம் செய்து தேர்வெழுதுகின்றனர். கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதை எத்தனை பேர் கண்டிருப்பர்?

அடுக்குமாடி கட்டும்போதே குடியிருப்போர் பயிரிடப் பொது நிலம் ஒதுக்கப்பட வேண்டும். வாகன நிறுத்துமிடத்தைக் கட்டாயமாக்கத் தெரிந்த ஊராட்சி மன்றங்களுக்கு இது கடினமன்று. அதுவரை, பள்ளி வேலியோரம் கிடக்கும் நிலத்தை அடுக்குமாடிப் பெற்றோருக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுக்கலாமே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை முன்வைக்க எண்ணியுள்ளேன்.