தவணை கட்டுவது மட்டும்தான் பொறுப்பா?

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்து போன கையோடு, நம் தெருக்களில் குழுக்கடன் வசூல் கூட்டம் தொடங்கிவிடுகிறது. ஒருத்தியின் தவணையில் நூறு ரூபாய் குறைந்தாலும் மற்ற பெண்கள் எழுந்து போக முடியாது. "வாங்கத் தெரியுது, கட்டத் தெரியலையா?" என்ற கேள்வி தெருவுக்கே கேட்கும்.

தகுதிக்கு மீறிக் கடன் வாங்கிச் சீர் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தருவது நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வரும் வீட்டுக்கு 7,500தான் எல்லை. அதைக் கணக்கிட வேண்டியவர் கடன் கொடுப்பவர். மிரட்டுவது, வசைபாடுவது, உறவினரையும் நண்பர்களையும் தொல்லை செய்வது, காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைப்பது எல்லாமே அவ்விதிப்படி தவறு.

படிவத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி நிரந்தர வருமானம் போல ஏறிவிடுகிறது. ஆர்டர் குறைந்தால் "நாளைக்கு வர வேண்டாம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடலாம். தவணைத் தேதியிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. வேலை நின்ற வாரத்தில் அந்த 1,000 ரூபாய்தான் அரிசியும் மருந்தும். அது வந்த அன்றே தவணைக்குப் போனால் யாருடைய உரிமைத் தொகை?

நம்மவர்க்கு வேறு வழி ஏன் இல்லை? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. அந்நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நிலம் உள்ளவர் பத்திரத்தை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்குகிறார். நமக்குத் தருவதை 'ஈடில்லாக் கடன்' என்கிறார்கள். நம் பெண்களின் மானம்தான் அங்கே ஈடு.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கடன் அட்டைகளையெல்லாம் எடுத்து, தவணைகளை ஒரு நோட்டில் கூட்டிப் பாருங்கள். தொகை வருமானத்தில் பாதியைத் தாண்டினால் அடுத்த கையெழுத்து வேண்டாம். தொல்லை தந்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தாட்கோ அலுவலகத்தில் மானியக் கடன் கேளுங்கள்.

வாங்கிய கடனைக் கட்டுவோம். கணக்கையும் கேட்போம். இரண்டும் சேர்ந்ததுதான் பொறுப்பு.